பஸ் நிலையத்துக்குக் கிட்டவுள்ள பழைய புத்தகக் கடையும் முன்னட்டை இல்லாத மாஃபியாவும்

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. பெயர்ப்பலகை இல்லாத கடை; இருந்தாலும் சொல்லமாட்டேன், கீழே ஒரு முறைப்பாடு வருகிறது. ஒற்றை அறை, ஒரு மின்விசிறி, மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டி. நான் போன அன்று வாசலில் ஒரு மான் நின்று பழைய ஓ.எல். பரீட்சை வினாத்தாள் கட்டை மென்றுகொண்டிருந்தது. கடைக்காரத் தம்பி "உஸ்" என்றதோடு சரி, கதிரையை விட்டு எழும்பவில்லை.

தலைப்புக்கூடத் தெரியாமல் முன்பக்கம் கிழிந்த ஒரு தமிழ்ப் புத்தகம் கிடைத்தது. சிசிலி மாஃபியாத் தலைவர்களைப் பற்றியது. 300 ரூபாய். "வாசிச்சிட்டுக் கொண்டு வாங்கோ ஐயா, அரைவாசிக் காசு திருப்பித் தருவன்" என்றான்.

நான் திருக்கடலூரில் ஒரு சம்மாட்டியிடம், அதாவது மீன்பிடிப் படகு முதலாளியிடம், இருபத்தாறு வருசம் கணக்கு எழுதியவன். அதனால் கொலைகளை வேகமாகப் புரட்டிவிட்டு, இவர்கள் ஆட்களை எப்படிக் கட்டி வைத்திருந்தார்கள் என்பதைத்தான் தேடினேன். தலைவர் சால்வதோரே ரீனாவுக்குத் தெரிந்தது வெடிகுண்டு. 1992 மே மாதம் மாஃபியாவை எதிர்த்த நீதிபதி ஃபால்கோனேயைக் கொன்றார்கள், ஜூலையில் இன்னொரு நீதிபதி போர்செல்லினோவை. அரசாங்கம் சும்மா இருக்குமா? சிசிலிக்கு இராணுவமே வந்திறங்கியது. 1993 ஜனவரியில் ஆள் பிடிபட்டார்.

புத்தகத்தின் ருசி பெர்னார்டோ ப்ரொவென்சானோவில்தான் இருக்கிறது. இளவயதில் பட்டப்பெயர் 'டிராக்டர்'. எதிரில் நிற்பவர்களை உழுதுகொண்டு போனவராம். ரீனாவுக்குப் பிறகு தலைமை கைக்கு வந்ததும் அதே ஆள் சத்தத்தை அடக்கிவிட்டார். போன் தொடுவதில்லை. தட்டச்சில் அடித்த துண்டுக் கடிதங்கள், அதிலும் எழுத்துப் பிழைகள். ஆட்களின் பேருக்குப் பதில் இலக்கம். பொடியாக மடித்து டேப் ஒட்டி, கைமாறிக் கைமாறிப் போகும். கடைசி வரியில் 'ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக' வேறு! இரண்டு பகுதிக்குத் தகராறு என்றால் இரண்டையும் பொறுமையாகச் சமாதானம் பண்ணப் பார்ப்பாராம்.

எங்கள் சம்மாட்டியும் அப்படித்தான். (நல்ல மனுசன், ஒப்பிட்டதற்கு மன்னிக்க வேண்டும்.) சிகரெட் பெட்டி மட்டையைக் கிழித்து 'இவனுக்கு 2000 குடு' என்று எழுதி அனுப்புவார். கையெழுத்து வைக்கமாட்டார். மீன் வாடியில் கத்திக்கொண்டு நிற்பவன் அந்த மட்டையைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவான்.

இனி முறைப்பாடு. 176ஆம் பக்கத்தைத் திருப்பினால் 193. ஒரு பாரம், சேர்த்துத் தைக்கிற பதினாறு பக்கம், முழுக்க இல்லை, அதுவும் ப்ரொவென்சானோ பிடிபடும் இடம்! மிச்சத்தைப் பேத்தியின் போனில்தான் தெரிந்துகொண்டேன். 43 வருசம் ஒளிந்திருந்தவரை, மனைவி அனுப்பிய தோய்த்த உடுப்புப் பொட்டலத்தின் பின்னாலேயே போய், 2006 ஏப்ரல் 11 அன்று சிசிலியின் கொர்லியோனே ஊருக்குக் கிட்ட ஒரு பண்ணைவீட்டில் பிடித்திருக்கிறார்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன். தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு, "பக்கம் குறைஞ்ச புத்தகத்துக்கு அரைக்காசு தரேலாது ஐயா" என்றான். வித்தவனே நீதானே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். ஒரு வினாத்தாளின் மூலையைக் கிழித்து 'ஐயாவுக்கு அடுத்ததில 100 கழி' என்று எழுதி நீட்டினான். திகதி இல்லை, பேர் இல்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஞாயிறு கடை பூட்டு, திங்கள் போகவேண்டும்.