எக்ஸ்சி ரேஸுக்குக் கார்பன் வீல்: சில சீசன்கள் ஓட்டிய பிறகு

டொராண்டோவைச் சுற்றி நடக்கும் கிராஸ் கன்ட்ரி (எக்ஸ்சி) மவுண்டன் பைக் பந்தயங்களில் அமெச்சூர் பிரிவில் ஓட்டுகிறேன். என் எடை 66 கிலோ, வண்டி 11 கிலோ, 29 அங்குலச் சக்கரம். வண்டியோடு வந்த அலுமினிய வீலைக் கழற்றிவிட்டுக் கார்பன் வீல் போட்டுச் சில சீசன்கள் ஆகிவிட்டன. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிராம் குறைஞ்சது?" என்றுதான். பழைய ஜோடி 1,780 கிராம், இது 1,340. ஆக 440 கிராம். ஆனால் இந்த வீலால் எனக்குக் கிடைத்த வேகத்தில் பெரும்பங்கு அந்த 440 கிராமிலிருந்து வரவில்லை. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எடைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். நானும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்தால் 78 கிலோ. அதில் 440 கிராம் என்பது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். செங்குத்தான ஏற்றத்தில் நம் சக்தி ஏறக்குறைய முழுவதும் எடையைத் தூக்குவதற்கே போகிறது. அப்படிப் பார்த்தால் பத்து நிமிட ஏற்றம் ஒன்றில் மிச்சமாவது மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு விநாடி. சுற்றும் எடைக்கு இரட்டிப்பு மதிப்பு என்று பலர் சொல்வார்கள். வேகம் கூட்டும்போது மட்டும்தான் அது உண்மை, ஏனென்றால் அப்போது ரிம்மின், அதாவது டயர் உட்காரும் வெளி வளையத்தின், விளிம்பில் உள்ள ஒவ்வொரு கிராமையும் முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். சீரான வேகத்தில் ஏறும்போது ரிம்மில் இருக்கிற 100 கிராமும் ஜெர்சிப் பையில் இருக்கிற 100 கிராமும் ஒன்றுதான். ரிம்மில் குறைந்ததை இரட்டித்து வைத்துக்கொண்டாலும் மொத்த லாபம் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எக்ஸ்சி பாதையில் ஓயாமல் பிரேக் பிடித்து ஓயாமல் மிதித்துக் கிளம்ப வேண்டியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வந்து இரண்டு மிதி மிதித்தால் வண்டி சட்டென்று கிளம்புகிறது. குறுக்கே கிடக்கும் மரத்தடியைத் தாண்ட முன்சக்கரத்தைத் தூக்கும்போது கை அதை உணர்கிறது. பந்தயத்தின் கடைசிச் சுற்றில் இது பெரிய ஆறுதல். ஆனால் கைக்கடிகாரத்தில் தெரிகிற வித்தியாசம் வேறு இடத்திலிருந்து வந்தது.

அது ரிம்மின் உள் அகலம். பழைய ரிம் உள்ளே 23 மில்லிமீட்டர். அதில் 2.25 அங்குல டயர், முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று. அதற்குக் கீழே இறக்கினால் வேகமாகத் திரும்பும்போது டயரின் பக்கச்சுவர் ரிம்மின் மேல் சாய்ந்து மடியும், சில நேரம் விளிம்பிலிருந்து காற்று பொக்கென்று வெளியேறும். குறுகிய ரிம்மில் அகல டயர் போட்டால் டயர் பல்பு வடிவில் நிற்கிறது. அடியில் பிடிமானம் போதவில்லை. புது ரிம் உள்ளே 30 மில்லிமீட்டர். டயர் 2.4. முன்னால் 17.5, பின்னால் 19.5 பிஎஸ்ஐ வைத்தும் பக்கச்சுவர் நேராக நிற்கிறது.

ஐந்து பிஎஸ்ஐ என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று கேட்கலாம். மில்டன் பக்கம் கெல்சோவில், நயாகரா சுண்ணாம்புப் பாறைச் சரிவின் மேல் ஓடும் பாதையில், மழைக்கு அடுத்த நாள் ஓட்டிப் பாருங்கள். வேர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாதையை மூடியிருக்கும், மேல்தோல் உரிந்து சோப்புத் தடவியதுபோல வழுக்கும். அழுத்தம் கூடிய டயர் வேரின் முதுகில் மோதி மேலே எகிறும். எகிறின அந்தக் கணத்தில் நாம் கொடுக்கிற மிதி காற்றில் போய்விடும். இறங்கும்போது சக்கரம் பக்கவாட்டில் நழுவும், காலை ஊன்ற வேண்டியிருக்கும். அழுத்தம் குறைந்த டயர் வேரைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டு போகிறது. நானும் வண்டியும் மேலே தூக்கப்படவில்லை என்பதால் அந்தச் சக்தி வீணாகவில்லை. உட்கார்ந்தபடியே ஒரே சீராக மிதித்து ஏற முடிகிறது. நான் முன்பு இறங்கித் தள்ளிய ஒரு ஏற்றத்தை இப்போது பெரும்பாலும் ஓட்டியே கடக்கிறேன். அங்கே கிடைப்பது மூன்று விநாடி இல்லை, இருபது விநாடிக்கும் மேல்.

அப்படியென்றால் அகல ரிம் போட்டால் போதுமே, அலுமினியத்திலேயே 30 மில்லிமீட்டர் கிடைக்குமே? கிடைக்கும். ஆனால் அலுமினியத்தில் அந்த அகலமும் வேண்டும், விளிம்பு நெளியவும் கூடாது என்றால் எடை ஏறிவிடும். அகலம், உறுதி, எடை மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கக் கார்பனால் முடிகிறது. நான் பணம் கொடுத்தது அதற்குத்தான். 35 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். டயர் சதுரமாகிவிடும், பக்கச்சுவர் வெளியே தெரிந்து பாறையில் கிழியும். 2.25 முதல் 2.4 டயருக்கு 28 முதல் 30 சரியான அளவு. ஹூக் இல்லாத, அதாவது டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத, ரிம் பற்றிப் பயப்படவும் வேண்டாம். ரோடு பைக்கில் நடக்கும் அந்த விவாதமெல்லாம் உயர் அழுத்தத்தைப் பற்றியது. இருபது பிஎஸ்ஐயில் அது நமக்குப் பொருட்டே இல்லை.

காற்றைக் குறைத்தால் அடுத்த ஆபத்து, பாறை முனையில் டயர் முழுவதுமாக நசுங்கி ரிம்மின் விளிம்பு டயரைக் கடிப்பது. உயர்மட்டப் பந்தயத்திலும் பஞ்சர்தான் பெரிய எதிரி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் முன்சக்கரம் பஞ்சராகி, வீல் மாற்றி, சுமார் 40 விநாடி பின்தங்கி, பிறகு துரத்திப் பிடித்து பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியைக் கடைசிச் சுற்றில் முந்தித் தங்கம் வாங்கினார். அவருக்கு அது முடிந்தது. நமக்குப் பஞ்சர் என்றால் அன்றைய பந்தயம் முடிந்தது.

அதனால் ரிம் தேர்ந்தெடுக்கும்போது விளிம்பின் தடிமனைக் கட்டாயம் பாருங்கள். ரோவல் நிறுவனம் 2020இல் கொண்டுவந்த கன்ட்ரோல் எஸ்எல் வீலில் விளிம்பை 4 மில்லிமீட்டர் தட்டையாக வைத்தார்கள். கூர்மையான விளிம்பு டயரை வெட்டும், தட்டையான விளிம்பு அடியைப் பரப்பிவிடும் என்பது அதன் பின்னுள்ள யோசனை. அந்த ஜோடி 1,240 கிராம்தான். எடையைக் குறைத்துக்கொண்டே விளிம்பையும் தடிமனாக்க முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ரிம்மின் உயரம் குறைவாக இருப்பதும் நல்லது. ஆழமான ரிம் மேலிருந்து வரும் அடியைக் கொஞ்சமும் உள்வாங்காமல் நேராகக் கைக்கு அனுப்பிவிடும்.

இங்கேதான் மிக இலேசான வீல்களைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. ரிம் உடையுமோ என்ற பயத்தில் நீங்கள் மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக அடித்துக்கொண்டு ஓட்டுவீர்களானால், கிராமுக்குக் கிராம் கொடுத்த பணமெல்லாம் அந்த மூன்று பிஎஸ்ஐயில் போய்விட்டது. கெல்சோ மாதிரிப் பாறைப் பாதையில் 400 கிராம் ரிம்மைக் குறைந்த காற்றில் நம்பி ஓட்டுகிறவர், 330 கிராம் ரிம்மைப் பயந்து பயந்து ஓட்டுகிறவரைவிட வேகமாகப் போவார். பாரி நகருக்கு அப்பால் உள்ள ஹார்ட்வுட் மாதிரி மணலும் காடுமான இடத்தில் மட்டும் ஓட்டுகிறவர்கள் இலேசான ரிம் பக்கம் தாராளமாகப் போகலாம். 2015 பான் அமெரிக்கன் போட்டியின் மவுண்டன் பைக் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. ஏற்ற இறக்கம் நிறைய, ஆனால் ரிம்மைப் பதம் பார்க்கும் பாறை குறைவு.

சரி, உடைந்ததா? உடைந்தது. முதலில் போட்டிருந்த பின் ரிம் 365 கிராம். ஒரு பயிற்சி நாளில் சுண்ணாம்புப் பாறைப் படி ஒன்றில் இறங்கியபோது அடி ரிம் வரை போனது. கல்லில் கட்டை மோதுகிற சத்தம். காற்று இறங்கவில்லை, சக்கரம் கோட்டமில்லாமல் சுற்றியது, வீட்டுக்கும் ஓட்டியே வந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு ஸ்போக் (சக்கரக் கம்பி) ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவம்) கசிந்து காய்ந்திருந்தது. டயரைக் கழற்றி, ரிம்மைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தபோது விளிம்புக்குச் சற்றுக் கீழே மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. நாணயத்தால் ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால் எல்லா இடத்திலும் கணீரென்று கேட்கிறது, அந்த இடத்தில் மட்டும் சொத்தென்று அமுங்கிப்போகிறது. உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். அலுமினிய ரிம் அடிபட்டால் நெளிவது கண்ணுக்குத் தெரியும். குறடு வைத்து நிமிர்த்திக்கொண்டு அன்றைய நாளை ஒப்பேற்றலாம். கார்பன் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பலமான அடி வாங்கினால் டயரைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்த பந்தயத்துக்குப் போகாதீர்கள்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும். விற்றவர்கள் விளம்பரத்தில் ஆயுள்கால வாரண்டி என்று போட்டிருந்தார்கள். விசாரித்தால், ரிம் மட்டும் பாதி விலையில் தருவார்களாம். அனுப்பும் செலவு என்னுடையது, வீல் கட்டும் கூலி என்னுடையது. சீசன் நடுவில் வாரக்கணக்கில் பழைய அலுமினிய வீலில் ஓட்டினேன். அதனால் வாங்குமுன் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்: பந்தயத்தில் உடைந்தாலும் செல்லுமா, வீல் கட்டும் கூலி அதில் சேருமா, மாற்று ரிம் நாட்டுக்குள் கையிருப்பில் இருக்குமா. பெரிய பிராண்டுகளின் உச்ச மாடல்கள் 3,000 கனடா டாலரைத் தாண்டுகின்றன. அந்த விலையில் ஒரு பங்கு இந்தக் கேள்விகளுக்கான நல்ல பதிலுக்குத்தான் போகிறது, அது நியாயமும்கூட.

மறுபடி கட்டியபோது பின்னால் சற்றுக் கனமான ரிம் போட்டேன், ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் அலுமினிய நிப்பிளுக்குப் பதில் பித்தளை. இரண்டு சக்கரத்திலும் பித்தளை போட்டால் 56 நிப்பிளுக்குச் சுமார் 36 கிராம் கூடும், அவ்வளவுதான். அலுமினியம் கார்பனோடு ஒட்டி ஈரத்தில் கிடந்தால் அரிக்கும்; கசியும் சீலன்டில் அம்மோனியா இருந்தால் இன்னும் சீக்கிரம். ரிம்முக்குள்ளே மறைந்திருக்கும் நிப்பிளை எனக்குப் பிடிக்காது, பெண்ட் எடுக்க வேண்டுமென்றால் டயரையும் டேப்பையும் கழற்ற வேண்டும். ஆனால் கார்பன் வந்த பிறகு பெண்ட் எடுக்கும் வேலையே அநேகமாக இல்லை. இதை யாரும் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கோ தினசரி வாழ்க்கையில் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான்.

ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) டிடி ஸ்விஸ் 240, அதற்குள் மிதிக்கும்போது சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் 36 பல் ராட்செட். அதாவது பத்து டிகிரிக்கு ஒரு பிடி. இதைவிட வேகமாகப் பிடிக்கும் ஹப்கள் உண்டு. எக்ஸ்சிக்கு இது போதும். ஹப்பின் மூடியைக் கையால் இழுத்தாலே வந்துவிடும், ராட்செட்டைத் துடைத்து மெல்லிசாகக் கிரீஸ் தடவி மூடிவிடலாம். சேறு படிந்த பந்தயத்துக்குப் பிறகு சமையலறை மேஜையிலேயே முடிகிற வேலை. ஸ்போக் சேபிம் சிஎக்ஸ் ரே, வளைந்த தலை உள்ளது, சக்கரத்துக்கு 28. 24 கம்பியில் கொஞ்சம் எடை குறையும், ஆனால் ஒன்று அறுந்தால் மிச்சமுள்ளவை மேல் விழும் பாரம் அதிகம்.

பின் டயருக்குள் 50 கிராம் அளவில், ரிம்மை அடியிலிருந்து காக்கும் ஒரு நுரை வளையம் (இன்சர்ட்) வைத்திருக்கிறேன். சீலன்ட் டயருக்கு 80 மில்லி, வெயில் மாதங்களில் இரண்டு மாதத்துக்கொரு முறை குலுக்கிப் பார்த்து ஊற்றுகிறேன்.

80 கிலோவுக்கு மேல் எடையுள்ள நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பின்னால் 430 கிராமுக்குக் குறைந்த ரிம் வேண்டாம், இன்சர்ட் கட்டாயம், காற்று 23 பிஎஸ்ஐயில் தொடங்கி அரை அரையாகக் குறைத்துப் பாருங்கள். முன்சக்கரத்தில் எடை போடாமல் ஓட்டப் பழகியவர்கள் முன்னால் இலேசான ரிம் வைத்துக்கொள்ளலாம். பட்ஜெட் பாதிதான் என்றால் நல்ல டயர் இரண்டும், 30 மில்லிமீட்டர் அலுமினிய ரிம்மும், துல்லியமான ஒரு பிரஷர் கேஜும் வாங்குங்கள். கார்பனை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.