‘ஆழ்கடல்’ என்று சொல்லி 34 மீட்டர் ஆழத்தில் சுற்றிய படகு: தூண்டில் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்

ஆறு பேர் சேர்ந்து எடுத்த படகு, எட்டு மணி நேரப் பயணம். கரையிலிருந்து 30 கடல் மைல் தள்ளி, 200 மீட்டருக்கு மேல் ஆழம் இறங்கும் சரிவில் சூரை, மஹி மஹி, வாய்த்தால் மயில்மீன். விளம்பரத்தில் இருந்தது இதுதான். ஃபோனில் பதிவான தடத்தைப் பார்த்தால், படகு கரையை விட்டுப் போன அதிகபட்சத் தொலைவு 14 கடல் மைல். ஆழமானியில் தெரிந்த அதிகபட்ச ஆழம் 34 மீட்டர். பணத் தகராறு இன்னும் முடியவில்லை என்பதால் படகின் பெயரும் துறைமுகமும் இங்கே இல்லை. இந்த வேலையைப் பார்க்கும் படகுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் பார்க்கின்றன. பெயர் தெரியாமலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மீன் படவில்லை என்பது எங்கள் புகார் இல்லை. கடலுக்குப் போகிறவர் யாரும் மீனுக்கு உத்தரவாதம் கேட்கக் கூடாது. ‘மீன் நிச்சயம்’ என்று எழுதுகிற படகை நம்பவும் கூடாது. நேரம், தொலைவு, சாமான், பாதுகாப்பு ஆகிய நான்கும் படகுக்காரர் கையில் இருப்பவை. காசு வாங்கியது அதற்குத்தான்.

முதலில் நேரக் கணக்கு. எட்டு மணி நேரம் என்றால் கயிறு அவிழ்ப்பதிலிருந்து மறுபடி கட்டுவது வரை என்றுதான் பொதுவாக அர்த்தம். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் 30 கடல் மைல் போக ஒன்றரை மணி, திரும்ப ஒன்றரை மணி. உயிர் இரை பிடிக்க முக்கால் மணி. ஆக ஒழுங்கான படகில்கூடத் தூண்டில் தண்ணீரில் கிடக்கும் நேரம் நாலேகால் மணிதான். இது ஏமாற்று இல்லை. ஆறு மணி நேரப் பயணத்தில் 30 மைல் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணக்கை அவரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே நடந்ததைப் பாருங்கள். 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய படகு எரிபொருள் போட்டுவிட்டுக் கயிறு அவிழ்த்தபோது 6.40. துறைமுக வாய்க்கு வெளியே மிதவை அருகே சபிகி (சின்ன முள்கள் வரிசையாகக் கட்டிய நரம்பு) போட்டு இரை பிடிக்கிறோம் என்று 7.45 வரை நின்றது. அங்கிருந்து, ‘போகிற வழியிலேயே மீன் பிடிக்கலாம்’ என்று லூர்களை (போலி இரைகளை) இறக்கி 7 நாட் வேகத்தில் ட்ரோலிங், அதாவது ஓடும் படகுக்குப் பின்னால் அவற்றை இழுத்துப்போவது. இரண்டு மணி நேரத்தில் 14 மைல். பிறகு 12.20 வரை அதே ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாக உழுதார்கள். லூரைச் சுருட்டி 20 நாட்டில் திரும்பி, 1 மணிக்கெல்லாம் கரை. 2 மணி வரைக்கும் காசு வாங்கியிருந்தார்கள்.

ஏன் இப்படி என்றால், எரிபொருள். இரட்டை 300 குதிரைத்திறன் அவுட்போர்டு போட்ட 10 மீட்டர் படகு ஓட்ட வேகத்தில் மணிக்குச் சுமார் 100 லிட்டர் குடிக்கும். 7 நாட் ட்ரோலிங்கில் 25, 30 லிட்டர் போதும். சொன்னபடி போய் வந்திருந்தால் 400 லிட்டருக்கு மேல். அவர்கள் ஓட்டியபடி ஓட்டினால் ஏறக்குறைய அதில் பாதி. மிச்சம் அவ்வளவும் லாபம். வாடகையோடு எரிபொருளும் சேர்ந்த படகுகளில் இந்த ஆசை அதிகம். எரிபொருள் தனிக் கணக்கு என்றால் வேறு தலைவலி: கிளம்பும் முன்பும் திரும்பிய பின்பும் எரிபொருள் மீட்டரைப் படம் எடுக்காவிட்டால் பில்லில் எது எழுதினாலும் மறுக்க முடியாது.

போகிற வழியில் லூர் இறக்குவதே தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பறவைக் கூட்டம் இறங்குகிறது, கடற்பாசி வரிசை மிதக்கிறது, தண்ணீர் நிறம் மாறும் கோடு தெரிகிறது என்றால் நல்ல கேப்டன் நின்று ஒரு சுற்று அடிப்பார். ஏதுமில்லாத தண்ணீரில் இரண்டு மணி நேரம் நேர்கோட்டில் 7 நாட் போவது அந்தக் கணக்கில் வராது. 30 மீட்டர் ஆழத்தில் மீனே இல்லை என்றும் இல்லை. சீலாவும் பாரையும் அங்கே நன்றாகவே படும். ஆனால் அது கரைக்கடல் பயணம், அதற்கு வாடகை வேறு.

இந்த ஏமாற்றைப் பிடிக்க ஃபோன் ஒன்றே போதும். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். முந்தின நாளே கடல் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி, தடம் பதியும் செயலியைக் கயிறு அவிழ்க்கும்போது ஓடவிடுங்கள். மணிக்கொரு முறை ஆழமானித் திரையை, அதில் ஆழமும் நேரமும் தெரியும்படி ஒரு படம். பவர்பேங்க் மறக்க வேண்டாம், வெயிலில் ஃபோன் சூடேறி அணைந்தும் போகும்; உறையில் போட்டு நிழலில் வையுங்கள்.

அடுத்தது சாமான். உண்மையான எரிச்சல் இங்கேதான். ஆறு பேருக்கு இறக்கியது இரண்டே ராட் (தூண்டில் கோல்). ட்ரோலிங்கில் நாலு முதல் ஆறு வரை இழுப்பது சாதாரணம். மீதி ராட் எல்லாம் ‘சர்வீஸில்’ இருந்ததாம். நாள் முழுக்கப் பட்ட ஒரே பெரிய மீன் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடியது, ரீலில் சுருளின் அடி தெரியுமளவுக்கு நரம்பு குறைந்தபோது உதவியாள் டிராக் லீவரை (நரம்பு வெளியேறும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முன்னே தள்ளினார், அறுந்தது. இது துரதிர்ஷ்டம் இல்லை. நரம்பு வெளியேறச் சுருளின் விட்டம் குறைகிறது. லீவரைத் தொடாமலேயே இழுவை ஏறும். 9 செ.மீ. விட்டம் 6 ஆகும்போது 7 கிலோ டிராக் 10.5 கிலோ. பாதியாகிவிட்டால் 14. தண்ணீரில் வளைந்து கிடக்கும் நீள நரம்பு இழுபடும் சுமை அதற்கு மேல். அந்த நேரத்தில் லீவரைப் பின்னே எடுத்து, படகை மீன் பக்கம் ஓட்டி நரம்பை மீட்க வேண்டும். முன்னே தள்ளுகிறவருக்குத் தொழில் தெரியாது.

அறுந்த நுனியைத் தூக்கி எறியாமல் பார்த்தது நல்லதாயிற்று. நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. கத்தியால் வெட்டியது போலிருந்தால் பல்லோ கூரான எதுவோ பட்டிருக்கிறது. இது சொரசொரத்து, பால் நிறமாக வெளுத்து இருந்தது: உரசல். ராட்டின் உச்சி வளையத்தில் இருந்த உருளை உப்பில் இறுகிச் சுழலாமல் நின்றுவிட்டது. நரம்பு அதன் ஒரே இடத்தில் தேய்ந்து தேய்ந்து பள்ளமே விழுந்திருந்தது. நரம்பும் நெடுநாள் வெயில் தின்ற மோனோ (ஒற்றையிழை நைலான்), விரலில் சுற்றி விட்டால் சுருள் நேராகவே இல்லை.

இதையெல்லாம் கட்டுத்துறையில் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஒவ்வொரு உருளையையும் விரலால் சுழற்றுங்கள். பீங்கான் வளையம் என்றால் உள்ளே பஞ்சை விட்டு ஒரு சுற்று. கீறல் இருந்தால் இழை மாட்டும். ரீலில் நரம்பு விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே வரை நிறைந்திருக்க வேண்டும். டிராக்கைத் தளர்த்திக் கையால் இழுத்தால் ஒரே சீராக வர வேண்டும், விட்டு விட்டு உதறினால் உள்ளே வாஷர் போய்விட்டது. டிராக்கை எதை வைத்து அளந்தீர்கள் என்று கேளுங்கள். நரம்பின் தாங்கு சக்தியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 22 கிலோ நரம்புக்கு ஐந்தரையிலிருந்து ஏழு கிலோ, சுருள்வில் தராசு மாட்டி அளப்பதுதான் முறை. ‘கைக்குத் தெரியும்’ என்பது பதில் இல்லை. லீடரின் (முள்ளை ஒட்டிய தடித்த நரம்பின்) கடைசி இரண்டு மீட்டரை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள், அதை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் குழாயான கிரிம்ப் பச்சை பூத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். முள்ளை நகத்தில் வைத்து இழுத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். சோதிக்கும்போது முகம் சுளிக்கிற கேப்டனைவிட, கூடவே குனிந்து பார்க்கிற கேப்டன் நல்லவர்.

மீன் அடித்ததும் ராட்டை எடுத்து முள்ளை ஏற்றிவிட்டு, பிறகு வாடிக்கையாளர் கையில் கொடுத்ததும் உதவியாள்தான். முதல்முறை வருகிறவருக்கு இது பரவாயில்லை. சாதனைப் பதிவுக்குரிய மீன் வேண்டும் என்று வருகிறவருக்கு அது அங்கேயே போச்சு: 1939-இல் தொடங்கிய, உலகத் தூண்டில் சாதனைகளைப் பதியும் அமைப்பான ஐஜிஎஃப்ஏ-வின் விதிப்படி மீன் அடித்ததிலிருந்து கடைசி வரை தூண்டில்காரரே தனியாகப் போராட வேண்டும், வேறு கை ராட்டையோ ரீலையோ நரம்பையோ தொடக் கூடாது. யார் முள் ஏற்றுவது, எந்த வரிசையில் முறை வரும் என்பதைக் கரையிலேயே பேசி முடியுங்கள். அறிமுகமில்லாதவர்களைச் சேர்த்து ஏற்றும் பயணத்தில் இது இன்னும் அவசியம். கடலில் வைத்துப் பேசினால் சண்டைதான். ஜிக்கிங் (ஓட்டாமல் மிதக்கும் படகிலிருந்து கனமான போலி இரையை நேர்க்கீழே இறக்கி ஆட்டுவது) என்றால் ஆளுக்கொரு ராட் கேட்கலாம். ஆனால் படகு மிதந்து போகும்போது காற்று வரும் பக்கம் நிற்பவர்களின் நரம்புதான் விலகிப் போகும். மறுபக்க நரம்பு படகுக்கு அடியில் புகுந்து சிக்கும். ஆறு பேரும் ஒரே பக்கம் நிற்க இடமுள்ள படகா என்று பாருங்கள். விளம்பரப் படத்திலிருந்த படகு ‘பழுது’ என்று அதே கம்பெனியின் சின்னப் படகைக் கொண்டுவந்து நிறுத்தியதும் இங்கே நடந்தது.

பாதுகாப்பு. ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகப் படகின் இடத்தை அறிவிக்கும் கருவியான இபிர்ப்பின் பேட்டரி தேதி கடந்திருந்தது; படகு மூழ்கினால் அதைத் தானாக விடுவிக்கும் அழுத்தக் கருவியின் தேதியும் கடந்திருந்தது. உயிர்காப்பு உடைகள் முன் அறையில் ஐஸ் பெட்டிகளுக்கும் பைகளுக்கும் அடியில். அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் ரேடியோ கேட்டதே தவிரப் பேசவில்லை. தேதிகள் கருவியின் மேலேயே அச்சடித்திருக்கும், படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உயிர்காப்பு உடையை எடுத்துப் போட்டுப் பார்க்காமல் ஏறாதீர்கள். இந்த மூன்றும் சரியில்லை என்றால் முன்பணம் போனாலும் போகட்டும், இறங்கிவிடுங்கள்.

வானிலை விதியையும் படியுங்கள். ‘ரத்து செய்வது கேப்டன் முடிவு’ என்பது நியாயம்தான். அதனடியில் ‘கிளம்பிவிட்டால் பணம் திரும்பக் கிடையாது’ என்றிருந்தால் கவனம்: அலை பெரிது என்று தெரிந்தே கிளம்பி, ஒரு மணி நேரத்தில் திரும்பி, முழு வாடகை வாங்கலாம். எத்தனை மணிக்குள் திரும்பினால் எத்தனை பங்கு திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், இடைவெளியையும் பாருங்கள். 1.2 மீட்டர் அலை 10 விநாடிக்கு ஒன்று வந்தால் தொட்டில். அதே அலை 5 விநாடிக்கு ஒன்று என்றால் சின்னப் படகில் நிற்கவே முடியாது. அறிவிப்பில் வருவது எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி உயரம், இடையிடையே அதைப்போல இரண்டு மடங்கு வரைக்கும் ஒன்று வரும்.

கடைசியாக மீன். பட்ட சீலா இரண்டும் சின்னச் சூரை ஒன்றும் படகின் தொங்குதராசில் மொத்தம் 12 கிலோ. வெட்டிப் பையில் போட்டுத் தந்தது 3 கிலோ. எவ்வளவு மோசமாக வெட்டினாலும் 5 கிலோவுக்குக் கீழே போக வழியில்லை. வெட்டும் மேசை பக்கத்திலேயே நில்லுங்கள். மீன் யாருக்கு, எவ்வளவு என்பதை முன்பதிவின்போதே கேளுங்கள். அதைவிட மோசம், அந்தச் சூரை ஒரு மணி நேரத்துக்கு மேல் தளத்தில் வெயிலில் கிடந்தது. பெட்டியில் இருந்த ஐஸ் இரண்டு பை. சூட்டில் கிடந்த சூரை, சீலா, மஹி மஹி ஆகியவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வரும். மீன் ஏறியதும் இரத்தம் வடித்து, ஐஸும் கடல்நீரும் கலந்த கூழில் முழுக்க முக்க வேண்டும். வெப்பப் பகுதியில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்று கணக்கு. அந்தச் சூரையை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

பணம் கட்டுவதற்கு முன் இந்தச் செய்தியை அப்படியே அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்: “எந்தப் படகு, எத்தனை இன்ஜின்? எத்தனை பேர் ஏறுவோம், எத்தனை ராட் இறங்கும்? எத்தனை கடல் மைல், எத்தனை மீட்டர் ஆழம் வரை போவோம்? அங்கே எத்தனை மணி நேரம் தூண்டில் போடலாம்? எரிபொருள், இரை, ஐஸ், உரிமம், மீன் வெட்டும் கூலி வாடகையில் சேர்த்தியா? மீன் யாருக்கு? பாதியில் திரும்பினால் எவ்வளவு திரும்ப வரும்?” ஃபோனில் மட்டும் பதில் சொல்கிறவரை விட்டுவிடுங்கள். தனிப்பட்ட கணக்குக்கு முழுப் பணமும் முன்னாலேயே கேட்டால் அவரையும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், புகார் அனுப்புவதற்கு முன்பே விளம்பரப் பக்கத்தைத் தேதியோடு திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள். புகார் போனதும் பக்கத்தைத் திருத்திவிடுகிறார்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் ‘சொன்ன சேவை தரவில்லை’ என்ற பிரிவில் தகராறு பதியலாம். அதற்குக் காலக் கெடு உண்டு, படகுக்காரரின் பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தடப் பதிவு, ஆழமானிப் படங்கள், எழுத்தில் வாங்கிய பதில், விளம்பரத்தின் திரைப்பிடிப்பு ஆகிய நான்கையும் ஒரே கோப்பாக இணைத்து, கேட்கும் தொகையைப் பிரித்து எழுதுங்கள்: போகாத மைல்களுக்கு எவ்வளவு, முன்கூட்டியே திரும்பிய ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று.