காகித ஆலைக் கழிவு பிரிக்கெட்: கிலோ விலையை மட்டும் பார்க்காதீர்கள்

காட்பாடியில் மெஸ் நடத்துகிறோம், ஸ்டீம் பாய்லருக்கு எப்போதும் வேர்க்கடலைத் தோலை உருளையாக அழுத்திச் செய்த எரிகட்டி, அதாவது பிரிக்கெட்தான். ராணிப்பேட்டை பக்கத்து வியாபாரி ஒருவர், காகித ஆலைக் கசடில் மரத்தூள் கலந்து அழுத்திய பிரிக்கெட்டை கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றதும் ஒரு லோடு இறக்கிப் பார்த்தோம்.

எரிகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சாம்பல்! எரிந்து முடிந்த பிறகும் அதே உருளை வடிவில் வெளுத்துப்போய்க் கிடக்கும், கம்பியால் தட்டினால்தான் உதிரும். காகிதம் வெள்ளையாக, வழவழப்பாக இருக்கச் சேர்க்கிற களிமண்ணும் சுண்ணாம்புப் பொடியும்தான் அது. பழைய பேப்பரைக் கரைக்கும்போது நாரை விட்டுப் பிரிந்து கசடில் தங்கிவிடும். நீங்கள் அதற்கும் சேர்த்துத்தான் கிலோ கணக்கில் காசு கொடுக்கிறீர்கள்.

ஈரக் கசடு இன்னும் மோசம். ஒரு கிலோவில் 600 கிராம் தண்ணீர், மீதியில் பாதி சாம்பல் என்று வைத்துக்கொண்டால் எரியக்கூடிய நார் 200 கிராம், சுமார் 800 கிலோ கலோரி. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே 350க்கு மேல் போய்விடும். வேலூர் வெயில் சும்மா காயவைத்துக் கொடுப்பதால்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது, ஐப்பசி மழையில் என்ன செய்வார்களோ தெரியாது.

சரி, காகித ஆலைக் கழிவில் லாபமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது ஆலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கரூர் பக்கம் புகளூர் காகித ஆலையைப் பாருங்கள்: கூழ் காய்ச்சிய கருப்புத் திரவத்தை அவர்களே எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள், போட்ட ரசாயனமும் திரும்பக் கிடைக்கிறது, கரும்புச் சக்கை கழுவிய தண்ணீரில் எரிவாயு, சுண்ணாம்புக் கசடுக்குச் சொந்த சிமென்ட் ஆலை. பழைய பேப்பரை மட்டும் அரைக்கிற சின்ன மில்லுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. அங்கேயும் நார் நன்றாக இருந்தால் முட்டை அட்டைக்கோ மட்ட ரக அட்டைக்கோ போய்விடும். அதற்கும் ஆகாததை யாராவது அள்ளிக்கொண்டு போனாலே அவர்களுக்கு மிச்சம், அப்புறம்தான் அது நம் பாய்லருக்கு வருகிறது.

ஒன்றை உடைத்துப் பார்த்தேன், உள்ளே மினுமினுவென்று செலோடேப் துணுக்குகள். எரியும்போது அந்த வாடையும் வந்தது. சோறு வேகிற இடத்தில் இது வேண்டவே வேண்டாம்.

புகை வடிகட்டி வைத்த பெரிய பாய்லர்காரர்கள் வேண்டுமானால் வாங்கலாம், அதுவும் ஈரம், சாம்பல், கலோரி மூன்றும் போட்ட லேப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு. என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு ஸ்டார். மூட்டை கிழிந்து வந்ததை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதற்காகத்தான் அந்த இரண்டாவது ஸ்டார்.