61 மெகாபிக்சலுக்கு ஒரு சூமா, ரெண்டு பிரைமா?

போன ஆவணியில ஒரு கலியாணம் செய்தனான். தாலி கட்டி முடிய மணவறைக்கு முன்னால ரெண்டு பகுதி ஆக்களையும் மூண்டு வரிசையா நிப்பாட்டி ஒரு குறூப் போட்டோ. அதைத்தான் 30க்கு 20 அங்குலத்தில அடிச்சு பிரேம் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டவை. குடுத்து ரெண்டாம் நாள் மாப்பிள்ளையின்ர பெரியப்பா கோல் எடுத்தார். "தம்பி, பொம்பிளை பகுதி எல்லாரையும் வடிவா எடுத்திருக்கிறீர், எங்கட பகுதி மட்டும் ஏன் மார்கழிப் பனிக்குள்ள நிக்கிற மாதிரி நிக்குது? காசு தந்தது நாங்கள் எண்டு தெரியும் தானே?"

நான் முதல் போகஸ் பிழை எண்டுதான் நினைச்சன். பைலைத் திறந்து 100 வீதத்துக்குப் பெருப்பிச்சுப் பாத்தா, நடுவில கூறையின்ர சரிகைக் கரை பூப்பூவா தெரியுது, இடப்பக்கம் கடைசியா நிண்ட சின்னப் பெடியன்ர சேட் பொத்தான் ஒவ்வொண்டும் தெரியுது, வலப்பக்கம் கடைசியா நிண்ட மாமியின்ர முகம் மட்டும் ஈரக்கையால துடைச்ச மாதிரி. ரெண்டு பேரும் ஒரே வரிசை, நடுவில இருந்து ஒரே தூரம். அப்ப போகஸ் இல்லை, லென்ஸ்.

அந்த லென்ஸ் செகண்ட் ஹாண்டா வாங்கின ஒரு எஃப் 2.8 சூம், கிட்டவும் தூரவும் இழுக்கிற சாதி. என்ன கொம்பனி எண்டு சொல்லேல்ல, அவையில பிழையில்லை, முதல் வைச்சிருந்த ஆள் எங்கையோ போட்டு விழுத்தியிருக்கோணும். எனக்கு வெக்கமா இருந்தது என்னெண்டா அதே லென்ஸைத்தான் ஒண்டரை வருசமா என்ர பழைய கமரா சோனி ஏ7 3 இல போட்டு உழைச்சனான், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல, நானும் காணேல்ல. அது 24 மெகாபிக்சல், அகலம் 6000 பிக்சல். இப்ப எடுத்திருக்கிற ஏ7ஆர் 4 இல 61 மெகாபிக்சல், அகலம் 9504. பிக்சல் ஒண்டு 4 மைக்கிரோனும் இல்லை, 3.76. லென்ஸ் புதுசாப் பழுதாகேல்ல, கமரா தான் காட்டிக் குடுத்தது.

அடுத்த ஞாயிறு விடியக் காத்தால ட்ரைபொட்டையும் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு முன்னால போனன். இந்த வேலைக்கு ஊரில அதைவிடத் திறமான சுவர் இல்லை, வெள்ளை முகப்பு, நடுவில குவிமாடம், இடமும் வலமும் ஒரே மாதிரி ஜன்னல். நேர் நடுவில நிண்டு எஃப் 4 இல ஒரு படம் (எஃப் எண்டுறது லென்ஸின்ர வாய், அதாவது அப்பெச்சர், எவ்வளவு திறந்திருக்கு எண்டுற எண், எண் கூடக் கூட வாய் சிறுக்கும்). பிறகு கமராவைத் தலைகீழாத் திருப்பி அதே இடத்தில இன்னொண்டு. இது கட்டாயம் செய்யோணும். நான் சரிஞ்சு நிண்டு எடுத்திருந்தா ரெண்டு படத்திலயும் கட்டடத்தின்ர ஒரே பக்கம்தான் மங்கும், லென்ஸ் பிழை எண்டா கமராவைத் திருப்ப மங்கலும் மற்றப் பக்கத்துக்குப் போயிடும். போயிட்டுது. முதல் படத்தில வலப்பக்க ஜன்னல் கம்பி கரைஞ்சு கிடக்கு, ரெண்டாவதில இடப்பக்கத்தில கரைஞ்சு கிடக்கு. இதைத்தான் டீசென்டரிங் எண்டு சொல்றது, உள்ளுக்க ஒரு கண்ணாடி நடுவை விட்டு விலகியிட்டுது இல்லாட்டி சரிஞ்சிட்டுது.

புது லென்ஸ் தேடத் தொடங்கினது உப்பிடித்தான். கையில இருந்த யோசனை நாலு (24, 70 எண்டு வாறது மில்லிமீற்றர், எண் சின்னனாகச் சின்னனாக அகலமாப் பிடிக்கும்): சோனியின்ர 24-70 ஜிஎம் 2, சிக்மா 24-70 ஆர்ட், டாம்ரோன் 28-75 ஜி2, இல்லாட்டி சூமை விட்டிட்டு சிக்மா 35 எஃப் 2ஓட சோனி 85 எஃப் 1.8. கடைசியா வாங்கினது அந்த ரெண்டு பிரைமும்தான் (பிரைம் எண்டா சூம் பண்ண ஏலாத, ஒரே மில்லிமீற்றரில நிக்கிற லென்ஸ்), அதால கீழ எழுதிறதில அந்தப் பக்கச் சாய்வு இருக்கும், இப்பவே சொல்லிப்போட்டன்.

ஜிஎம் 2 பற்றிக் கனக்கச் சொல்ல ஒண்டுமில்லை. 2022 இல வந்தது, 695 கிராம், நல்ல லென்ஸ், எல்லாருக்கும் தெரியும். வந்த நேரம் அமெரிக்காவில 2300 டொலர், டாம்ரோன் ரெண்டு வாங்கி மிச்சக் காசில பிளாஷும் வாங்கலாம். 2022 இல 200 ரூபாயா இருந்த டொலர் ரெண்டு மூண்டு மாசத்தில 360க்குப் போனதுக்குப் பிறகு உந்த விலையை ரூபாயில பெருக்கிப் பாக்கிறதையே விட்டிட்டன். கனடாவில இருந்து வாற மச்சான்மார் இருக்கிற ஆக்கள் கேட்டுப் பாக்கலாம்.

சிக்மா 24-70 ஆர்ட், 2019 இல வந்தது. நடுப்பகுதி ஷார்ப் ஜிஎம்முக்குக் கிட்ட நிக்கும், விலை பாதி. ஆனா 830 கிராம். கமராவோட சேத்து ஒண்டரைக் கிலோ, காலமை பொன்னுருக்கலில தொடங்கி இரவு ரிசெப்சன் முடியுமட்டும் அதைக் கழுத்தில போட்டுப் பாத்தவைக்கு விளங்கும். பில்டர் 82 எம்எம், அதுக்கும் காசு. வேற கொம்பனி லென்ஸுக்கு சோனி தொடர்ந்து அடிக்கிற வேகத்தை செக்கனுக்கு 15 பிரேமில நிப்பாட்டிப் போடும் எண்டு சொல்லுவினம், அது உண்மைதான், ஆனா ஏ7ஆர் 4 ஓடுறதே 10 பிரேம், எங்களுக்கு அதால ஒரு நட்டமும் இல்லை. 2024 இல ரெண்டாவது வேர்சன் வந்திருக்கு, நிறை குறைச்சிருக்கினம். அதை நான் கையில எடுத்துப் பாக்கேல்ல.

டாம்ரோன் 28-75 ஜி2, இதுதான் என்னைக் கடைசிவரைக்கும் இழுத்தது. 540 கிராம், 67 பில்டர், விலை சிக்மாவிலும் குறைவு. ஒரு கூட்டாளியிட்ட வாங்கி ஒரு கிழமை பாவிச்சனான், ரெண்டு சாமத்தியவீடும் ஒரு கோயில் வேலையும். போகஸ் டக்கெண்டு பிடிக்குது, நடுவும் நல்லம், ஓரமும் நல்லம். ஒரு கிழமைதான், அதுவும் ஒரே ஒரு லென்ஸ், அதால இதுக்கு மேல அடிச்சுச் சொல்ல மாட்டன். குறை எண்டா 24 இல்லை, 28 இல தொடங்குது. மண்டபத்தில அது ஒண்டும் செய்யாது. குறூப் போட்டோவை 24 இல எடுக்கிறவைக்கு நான் சொல்லுறது, தயவு செய்து எடுக்காதேங்கோ, ஓரத்தில நிக்கிற ஆக்களின்ர முகம் பூசணிக்காய் மாதிரி இழுபட்டுப் போகும். வீட்டுக்குள்ளதான் பிரச்சினை. சாமியறைக்கு முன்னால பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நிக்கேக்க 24 எண்டா மூலைவிட்டமா 84 பாகை பிடிக்கும், 28 எண்டா 75 தான், பின்னால போகவும் ஏலாது, அங்க சுவர்.

இனி நான் வாங்கின கதை. சிக்மா 35 எஃப் 2 எண்டுறது 2020 கடைசியில வந்த சின்ன இரும்புக்குண்டு, 325 கிராம். சோனி 85 எஃப் 1.8 ஐ 2017 இல விட்டவை, 371 கிராம். ரெண்டையும் சேத்தா 696, ஜிஎம் 2 ஓட ஒரு கிராம்தான் வித்தியாசம், தராசில வைச்சுச் செய்த மாதிரி. வந்த நேர விலை 640ம் 600ம் டொலர், சேத்தா சிக்மா சூமைவிடக் கொஞ்சம் கூட. அப்ப ஏன் இது எண்டு கேட்டா, எனக்கு ஒரே ஒரு காரணம்தான்: ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரோணும்.

இதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லோணும், ஏன் எண்டா லென்ஸ் ரிவியூ பாக்கிற பெடியள் எல்லாம் நடு ஷார்ப்பைத்தான் கதைக்கிறாங்கள். நடு எந்த லென்ஸிலயும் இப்ப நல்லம். 61 மெகாபிக்சலில பிரச்சினை ஓரம், அதிலும் நாலு ஓரமும் ஒரே அளவா இருக்கிறதோ எண்டுறது. நாலு மூலையும் ஒரே மாதிரிக் கொஞ்சம் மென்மையா இருந்தா ஒருத்தரும் கோல் எடுக்க மாட்டினம், ஒரு பக்கம் கூராவும் மற்றப் பக்கம் மங்கலாவும் இருந்தாத்தான் கண்ணுக்குள்ள குத்தும், பெரியப்பா கோல் எடுப்பார். சூம் லென்ஸுக்குள்ள 17, 19, 20 எண்டு கண்ணாடி, அதுகள் கூட்டம் கூட்டமா முன்னும் பின்னும் ஓடோணும். ஓடுற ஒவ்வொண்டும் ஒரு நூல் விலகினாலும் படத்தில தெரியும், அதுவும் 28 இல வலம் மங்கி 70 இல இடம் மங்குற சூமும் இருக்கு, ரெஸ்ட் பண்ணேக்க ஒரு இடத்தில மட்டும் பாத்திட்டு வாங்கினா ஏமாந்து போவம். 35 எஃப் 2க்குள்ள 10 கண்ணாடி, 85க்குள்ள 9. பிரைமும் டீசென்டராகும்தான், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா பிழைக்கிறதுக்கு இடம் குறைவு, பிழைச்சாலும் ஒரே ஒரு படத்தில கண்டுபிடிச்சிடலாம்.

அப்பெச்சரை மூடினாச் சரிதானே எண்டு கேப்பினம். பழைய கமராவில நானும் அப்பிடித்தான், குறூப் எண்டா கண்ணை மூடிக்கொண்டு எஃப் 11. இப்ப அது சரிவராது. வாய் சிறுக்கச் சிறுக்க ஒளிப்புள்ளி விரிஞ்சு போகும், அதுதான் டிஃப்ராக்சன்; எஃப் 11 இல அந்த வட்டம் கிட்டத்தட்ட 15 மைக்கிரோன், நாலு பிக்சல் அகலம், முழுப்படமும் ஒரு சாதி மெழுகு மாதிரி வரும். எஃப் 5.6 எண்டா ரெண்டு பிக்சல், எஃப் 8 தான் என்ர எல்லை. அப்ப எஃப் 5.6 இலயே ஓரம் சரியா இருக்கிற லென்ஸ் வேணும், பழுதை மறைக்க இனி வேற வழியில்லை. மூண்டு வரிசைக்கு எஃப் 5.6 காணுமோ எண்டு பயப்பிடாதேங்கோ, 35 இல அஞ்சு மீற்றர் தள்ளி நிண்டு நடு வரிசைக்கு போகஸ் வைச்சா முன்னும் பின்னும் தாராளமாப் பிடிக்கும்.

பிறகு திருத்தம். டீசென்டர் ஆன லென்ஸை இஞ்ச சரிபண்ண ஏலாது. கழட்டிப் பூட்டத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், ஆனா கண்ணாடியை நடுவுக்குக் கொண்டுவர மெசின் வேணும். என்ர பழைய சூமை ராத்திரி பஸ்ஸில கொழும்புக்கு அனுப்பினன், மூண்டு கிழமையால "செக் பண்ணியாச்சு, ஓகே" எண்டு துண்டு வைச்சுத் திரும்பி வந்தது, நூலகத்துக்குக் கொண்டுபோய்ப் பாத்தா அதே ஜன்னல் அதே மாதிரி. ஆரெண்டு சொல்லேல்ல, அவையிட்ட சோதிக்க 61 மெகாபிக்சல் கமரா பொடி இருந்திராது போல. அதால எதை வாங்கினாலும் கடைக்காரரோட முதலே கதைச்சு ஒரு கிழமைக்குள்ள மாத்தலாம் எண்டு துண்டில எழுதி வாங்குங்கோ. நான் 35ஐ அப்பிடித்தான் வாங்கினது, ரெண்டாம் நாளே நூலகம்.

பிரைமில எரிச்சலும் இருக்கு. லென்ஸ் மாத்த ஏலாது, நல்லூர்த் திருவிழா வீதியில மணலுக்குள்ள நிண்டு மாத்தினா சென்சரில தூசி, 61 மெகாபிக்சலில தூசியும் 61 மெகாபிக்சல்தான். அதால நான் மாத்திறதே இல்லை, ஏ7ஆர் 4 இல 35, பழைய ஏ7 3 இல 85, ரெண்டு தோளிலயும் ஒவ்வொண்டு. ஒரு பொடிதான் இருக்கு எண்டா நான் சொன்ன எல்லாத்தையும் மறந்திட்டு டாம்ரோனை வாங்குங்கோ, தாலி கட்டுற நிமிசத்தில லென்ஸ் மாத்திக்கொண்டு நிக்க ஐயர் விடமாட்டார். 85 ஐ 1.8 இல திறந்தா தங்க நகை ஓரத்தில ஊதாக் கோடு விழும், 2.8க்கு மூடினா கனக்கக் குறையும். சிக்மா 35க்கு ஒரு காந்த மூடி வரும், வடிவான சாமான், பொக்கற்றுக்குள்ள திறப்புக் கோர்வையில ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

எந்த லென்ஸ் எண்டாலும் பங்கஸ் எல்லாருக்கும் பொது. ஐப்பசி கார்த்திகை மழையில அலுமாரிக்குள்ள ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல கிழமைக் கணக்கா நிண்டா கண்ணாடியில நூல் ஓடும். ட்ரை கபினட் வாங்கக் காசு இல்லாட்டி, இறுக்கி மூடுற பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, 45 வீதத்துக்குக் கிட்ட வைச்சாக் காணும். அரிசிக்குள்ள புதைச்சு வைக்கிறவை இருக்கினம், அரிசித் தூள் சூமுக்குள்ள போனா எடுக்கிறது ஆர்?

இன்னொண்டு, லென்ஸில பழி போட முதல் ஷட்டர் வேகத்தைப் பாருங்கோ. 24 மெகாபிக்சலில 1/60 இல கையில பிடிச்சு எடுத்தது சரியா வந்திருக்கும், இதில 1/250க்குக் கீழ நான் போறதில்லை, நடக்கிற ஆக்கள் எண்டா அதுக்கும் மேல.

திருப்பி விக்கிற நேரம் சூம்தான் கெதியா விலைப்படும், அதை மறைக்கேல்ல, பிரைம் வாங்கிற ஆக்கள் இஞ்ச குறைவு. என்ர பழைய சூம் இப்ப தம்பியிட்ட, வீடியோவுக்கு. 4கே எண்டுறது எட்டு மெகாபிக்சல் சொச்சம்தான், அதில வலப்பக்கம் மங்கிறது ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தர் வந்து நல்ல விலைக்குக் கேட்டவர். நூலகத்தில எடுத்த ரெண்டு படத்தையும் போனில காட்டினன், பிறகு அவர் கோல் எடுக்கேல்ல.