கடிகார முட்களின் கோணம்: சூத்திரமா, இடைவெளி எண்ணுவதா?

மணி 3:40. இரண்டு முட்களுக்கும் நடுவே எத்தனை பாகை?

சூத்திரக்காரர் மணியை 30-ஆல் பெருக்குவார்: 90. நிமிடத்தை 5.5-ஆல் பெருக்குவார்: 220. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 130 பாகை. அவ்வளவுதான்.

எண்ணிப் பார்ப்பவர் கடிகாரத்தையே மனதில் வரைந்துகொள்வார். நிமிட முள் 8-இல் நிற்கிறது. 3-லிருந்து 8 வரை ஐந்து இடைவெளி, ஒவ்வொன்றும் 30 பாகை, ஆக 150. ஆனால் மணி முள் 3-லேயே நிற்காதே! நிமிடத்துக்கு அரை பாகை வீதம், 40 நிமிடத்தில் 20 பாகை நகர்ந்திருக்கும். அதைக் கழித்தால் அதே 130. பலர் சறுக்குவது இந்த 20-ஐ மறந்துதான்.

வேகத்தில் சூத்திரம்தான் முந்தும். ஆனால் 9:10-க்கு அது 215 என்று காட்டும். சிறிய கோணம் வேண்டுமென்றால் 360-லிருந்து கழித்து 145 ஆக்க வேண்டும். படத்தில் அந்தக் குழப்பமே இல்லை, குறுகிய பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது.

தேர்வு நெருங்கிவிட்டதா, சரி, சூத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல்முறை கற்கும் பிள்ளைக்கு மட்டும் தயவுசெய்து படத்திலிருந்தே தொடங்குங்கள். நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை, மணி முள் அரை பாகை, அந்த 5.5 எங்கிருந்து வந்தது என்று அப்புறம் அதுவே சொல்லிவிடும்.