தாவீது ராஜாவும் தாவூத் நபியும்

சென்னை மண்ணடியில் ஜும்ஆ பயானை, அதாவது வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையைக் கேட்டால், "மூஸா நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் சொன்னார்கள்" என்று வரும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கத்து புராட்டஸ்டண்ட் சபைகளில் பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கும்போது, "மோசே சொன்னான்" என்று வரும். ஆள் ஒருவரே, விகுதி மட்டும் வேறு. அதே வேதாகமத்தில் இயேசுவுக்கு மட்டும் "சொன்னார்". 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் மோசேக்கும் "கூறினார்" வந்துவிட்டது. முஸ்லிம் காதுக்கு அந்த ‘ஆன்' சுருக்கென்று தைக்கும். வாசிக்கிறவர் மனத்தில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த விகுதி வித்தியாசத்துக்குள் இரண்டு மார்க்கங்களின் பார்வையும் அடங்கியிருக்கிறது.

முதல் குழப்பம் ‘தூதர்' என்ற சொல்லில் வருகிறது. முஸ்லிம்களுக்கு இறைத்தூதர் என்றால் ரசூல், அதாவது மக்களிடம் செய்தியோடு அனுப்பப்பட்ட நபி. கத்தோலிக்கருக்குத் திருத்தூதர் என்றால் இயேசுவின் சீடர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். புராட்டஸ்டண்டுகள் அவரையே அப்போஸ்தலர் என்பார்கள். தேவதூதன், வானதூதர் என்றால் முஸ்லிம்கள் மலக்கு என்று சொல்லும் வானவர். ராயபுரத்தோடு சேர்த்தே பேசப்படும் ராயப்பர், அதாவது பேதுரு, இந்தக் கணக்கில் திருத்தூதர், தீர்க்கதரிசி அல்ல. குர்ஆன் ஈஸா நபியின், அதாவது இயேசுவின் சீடர்களை ‘ஹவாரிய்யூன்' என்று பாராட்டுகிறது, ஆனால் ஒருவர் பெயரையும் சொல்வதில்லை. ‘தீர்க்கதரிசி' என்ற சொல்லுக்கும் ஒரு சாய்வு உண்டு: தொலைவில் வருவதைக் காண்பவர் என்று பொருள். நபி என்பதில் எதிர்காலம் சொல்வது முக்கிய வேலை இல்லை. கத்தோலிக்கர் வழங்கும் ‘இறைவாக்கினர்' என்ற சொல்தான் இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு ஒத்துவருகிறது.

இனி தாவீது. கிறிஸ்தவ வீடுகளில் "தாவீது ராஜா" என்பார்கள், முஸ்லிம் வீடுகளில் "தாவூத் நபி". இந்த இரண்டு அழைப்பையும் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக விளங்கும். பைபிளில் 2 சாமுவேல் 11-இல் தாவீது தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிடுகிறார். அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார்: ஏராளமான ஆடுமாடு வைத்திருந்த பணக்காரன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான். ராஜா கொதிக்கிறார். "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான். இங்கே கடவுளின் வாயாக நிற்பவர் நாத்தான்; தாவீது குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்.

குர்ஆனின் 38-ஆம் அத்தியாயத்திலும் ஆட்டுக் கதை வருகிறது. வழக்காட வந்தவர்கள் சுவரேறி தாவூத் நபியின் தொழுமிடத்துக்குள் குதிக்கிறார்கள். "இவனுக்கு 99 பெண்ணாடு, எனக்கு ஒன்று, அதையும் கேட்கிறான்" என்று முறையீடு. தீர்ப்புச் சொன்ன பிறகு, இது தனக்கு வைக்கப்பட்ட சோதனை என்று தாவூத் உணர்ந்து மன்னிப்புக் கேட்டு விழுகிறார். நாத்தான் இல்லை, உரியா இல்லை. நபியைக் கண்டிக்க இன்னொரு நபி வரவில்லை. ஒரு பக்க வாதத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னதே அந்தச் சறுக்கல் என்று விளக்குவோர் உண்டு. உரியா கதையைத் தாவூத் நபிமேல் ஏற்றுவதை ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பெரும்பாலும் மறுக்கிறார்கள்.

காரணம் ‘இஸ்மத்', நபிமார்கள் பெரும்பாவங்களிலிருந்து காக்கப்பட்டவர்கள் என்ற கொள்கை. நபி என்பவர் செய்தியைக் கொண்டுவருவதோடு அதை வாழ்ந்தும் காட்ட வேண்டும். அவர் நடத்தை உடைந்தால், அவர் வழியாக வந்த வஹீயும் (இறைச்செய்தியும்) சந்தேகத்துக்கு உள்ளாகும். கிறிஸ்தவத்தில் அப்படி ஒரு கொள்கை தேவைப்படவில்லை. பாவமற்றவர் என்ற இடம் இயேசுவுக்கே; மற்றவர்கள் எல்லாரும் மீட்பு தேவைப்படுகிறவர்கள். அதனால்தான் நாத்தான் கண்டித்தபோது தாவீது பாடியதாகத் தலைப்பிட்ட 51-ஆம் சங்கீதத்தைத் தவக்காலத்தில் கத்தோலிக்கர் மனமுருகிச் சொல்கிறார்கள். ஒருவருக்கு அவதூறாகப் படும் கதை, இன்னொருவருக்கு ஜெபமாகிவிட்டது. நோவா குடித்தது, லோத்து குடும்பத்தின் கதை, சாலொமோன் முதுமையில் வேறு தெய்வங்கள் பக்கம் சாய்ந்தது எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். குர்ஆன் 2:102 சுலைமான் நிராகரிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

பெயர்ப் பட்டியலை வைத்து ஒப்பிடுவது சுலபம், அதில் கிடைப்பது கொஞ்சம். குர்ஆனில் பெயரோடு வரும் நபிமார்கள் 25 பேர் என்பது வழக்கமான கணக்கு. ஹூதும் ஸாலிஹும் பைபிளில் இல்லை. ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் பெயர் குர்ஆனில் இல்லை. மிரியாம், தெபொராள், உல்தாள் என்று பெண் தீர்க்கதரிசிகளைப் பைபிள் பெயர் சொல்கிறது. இஸ்லாத்தில் நபித்துவம் ஆண்களுக்கே என்பது பெரும்பான்மைக் கருத்து, இயேசுவின் தாய் மர்யமை நபி என்று வாதிட்ட இப்னு ஹஸ்ம் போன்றவர்கள் இருந்தும்.

பேச்சு பெரும்பாலும் முறிவது இந்த இடத்தில்தான்: "நாங்கள் ஈஸா நபியை ஏற்கிறோமே, நீங்கள் ஏன் முஹம்மது நபியை (ஸல்) ஏற்கவில்லை?" கேட்பவருக்கு இது நியாயமான கேள்வி. முஸ்லிமுக்கு நபிமார்களில் ஒருவரை மறுத்தாலும் ஈமான் (இறைநம்பிக்கை) நிற்காது. எல்லாரும் கொண்டுவந்தது ஒரே செய்தி. குர்ஆன் 33:40-இன்படி முஹம்மது நபி (ஸல்) இறுதி முத்திரை. கிறிஸ்தவரின் வரிசை அப்படி அமைந்ததல்ல. எபிரெயர் நிருபம் தொடங்கும்போதே, முற்காலத்தில் தீர்க்கதரிசிகள் மூலம் "பங்குபங்காகவும் வகைவகையாகவும்" பேசிய கடவுள் கடைசியில் குமாரன் மூலம் பேசினார் என்கிறது. துண்டு துண்டாக வந்தது இயேசுவில் முழுமையாகிவிட்டது என்பவருக்கு, "ஈஸா ஒரு நபி" என்பது மரியாதையாக அல்ல, இறக்கமாகவே கேட்கும். கன்னிப் பிறப்பு, குஷ்டரோகியைக் குணமாக்கியது, மஸீஹ் (மேசியா) என்ற பட்டம் எல்லாம் குர்ஆனிலும் இருந்தும் அந்த உறுத்தல் போகாது. 1965-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முஸ்லிம்களை மதிப்போடு குறிப்பிட்ட ஏட்டிலும், அவர்கள் இயேசுவை இறைவாக்கினராகப் போற்றுவதைச் சொன்னதே தவிர, முஹம்மது நபியின் பெயரை எடுக்கவில்லை.

இயேசுவையும் முஹம்மது நபியையும் எதிரெதிரே நிறுத்துவதே தவறான தராசு என்பது எங்கள் கருத்து. கிறிஸ்தவருக்கு இறைவார்த்தை மனிதராக வந்தவர் இயேசு. முஸ்லிம்களுக்கு இறைவார்த்தை நூலாக இறங்கியது குர்ஆன். தட்டில் வைக்க வேண்டியவை இந்த இரண்டும்.

வடசென்னைச் சுவர்களில் ஒட்டும் ‘தீர்க்கதரிசன ஊழியம்' சுவரொட்டி முஸ்லிம்களைத் திகைக்க வைப்பதும் இதன் தொடர்ச்சி. பெந்தெகொஸ்தே சபைகளுக்குத் தீர்க்கதரிசனம் இன்றும் கிடைக்கும் ஆவியின் வரம். புதிய வேதம் வருகிறது என்று அவர்கள் சொல்வதில்லை. 1 கொரிந்தியர் 14:29 இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறது. நபியின் சொல்லை ஜமாஅத் (சமூகம்) சோதித்துப் பார்ப்பது என்பது இஸ்லாத்தில் நினைக்கவே முடியாத ஒன்று.

இரண்டு நூலையும் பக்கத்தில் வைத்துப் படிக்க நினைப்பவருக்கு, காசிமேட்டுக் கடலோரத்தில் சொல்லவே வேண்டாத மீன் கதை நல்ல தொடக்கம். யோனா புத்தகம் நான்கே அதிகாரம். முஸ்லிம்கள் அவரை அழைக்கும் யூனுஸ் நபிக்குக் குர்ஆனில் 37:139–148, 21:87–88 பாருங்கள். இரண்டிலும் கப்பல், சீட்டு, மீன், மன்னிப்பு. குர்ஆனும் அவர் கோபித்துக்கொண்டு போனதை மறைக்கவில்லை. மீனுக்குள் அவர் செய்த துஆவை (பிரார்த்தனையை) இன்றும் முஸ்லிம்கள் கஷ்டத்தில் ஓதுகிறார்கள். அதன்பின் ஒரு லட்சம் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரிடம் அனுப்பப்படுகிறார், அவர்கள் ஈமான் கொள்கிறார்கள். பைபிளில் அவர் அனுப்பப்பட்ட நினிவே ஊர் மனந்திரும்பிய பிறகும் யோனா கோபமாகவே உட்கார்ந்திருக்கிறார். 1,20,000 பேருக்கு மேல் வாழும் இந்த ஊருக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்பதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவே இல்லை.