ஐந்தா, மூன்றா? ரியல் மாட்ரிட்டின் இரண்டு பொற்காலங்கள்

ஸ்பெயின் கால்பந்து அணியான ரியல் மாட்ரிட் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று முறை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 1955-56இல் களமிறங்கியவை 16 அணிகள்தான். ஏழு ஆட்டங்களில் கோப்பை கைக்கு வந்துவிட்டது. பயிற்சியாளர் ஜிடானின் 2016-18 அணி ஒவ்வொரு முறையும் 13 ஆட்டங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிய பிறகு, 2017 வரை எந்த அணியும் கோப்பையைத் தக்கவைத்ததே இல்லை.

சரி, ஆட்டத்தின் அழகு? 1960 கிளாஸ்கோ இறுதியாட்டத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். முதல் கோல் எதிரணியான பிராங்க்ஃபர்ட்டுடையது. அப்புறம் மாட்ரிட்டின் புஸ்காஸ் நான்கு, டி ஸ்டெஃபானோ மூன்று என்று போட்டுத் தாக்கி 7-3. மைதானத்தில் ஒன்றேகால் லட்சம் பேருக்கு மேல்!

2016இல் மிலனிலோ அட்லெட்டிகோவுடன் 1-1, பெனால்டியில்தான் தப்பித்தார்கள். 2018 கீவ் இறுதியில் இரண்டு கோல்கள் லிவர்பூல் கோல்கீப்பர் தந்த தானம். மற்றொன்று வேறு ரகம்: மாற்று வீரராக இறங்கிய பேல், சில நிமிடங்களிலேயே அந்தரத்தில் மல்லாந்து பந்தை உதைத்தார். பாடுபட்டு வென்றது ஜிடானின் அணிதான்; ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த 7-3ஐ.